நுகத்தடி உவமையை விட்டொழிப்போம்

திருமண மண்டபத்தில் வாழ்த்துரை வழங்க எழும் தமிழாசிரியருக்கு ஓர் உவமை எப்போதும் கைவசம் இருக்கும். இல்லறம் என்பது இரட்டை மாட்டு வண்டி. கணவனும் மனைவியும் அதில் பூட்டப்பட்ட இரு காளைகள். ஒன்று முந்தினாலும் மற்றொன்று பிந்தினாலும் வண்டி குடை சாயும். ஆகவே மணமக்களே, ஒரே வேகத்தில் செல்வீராக! இவ்வளவு சொன்னால் போதும், கைத்தட்டல் உறுதி. மணமகளையும் காளையாக்கி விட்டோமே என்று எவரும் கேட்பதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுக்கால ஆசிரியப் பணியில் எத்தனை மேடைகளில் இதை நான் முழங்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இன்று அந்த உவமை தவறானது என்று எழுத வந்திருக்கிறேன். சுவை குன்றியது என்பதற்காக அன்று. தீங்கு செய்வது என்பதற்காக. அத்தீங்கை என் வீட்டிலேயே நான் செய்திருக்கிறேன்.

முதலில் உவமையையே ஆராய்வோம். வண்டி மாடு வாங்கும் உழவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மாடுகளை வாங்குவதில்லை. உயரம் பார்ப்பார், வயது பார்ப்பார், நடை பார்ப்பார். ஒன்றுக்கொன்று ஒத்து வருவனவற்றையே இணை சேர்ப்பார். அப்படிச் சேர்த்த பின்னும் அவற்றை ஒரே வேகத்தில் நடக்க வைப்பது அன்பு அன்று. கழுத்தின் மேல் கிடக்கும் நுகத்தடி. திருமணத்தில் நாம் பார்ப்பது என்ன? பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். படிப்பும் வருவாயும் பார்க்கிறோம். அந்தப் பத்தில் நடைவேகப் பொருத்தம் என்று ஒன்று உண்டா? இல்லை. வெவ்வேறு நடையுடைய இருவரைச் சேர்த்து வைத்துவிட்டு, ஒரே நடையில் செல்லுங்கள் என்று அறிவுரை கூறுகிறோம். அறிவுரை நிறைவேற வேண்டுமானால் யாரேனும் ஒருவர் தம் நடையை இழந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை மேடையில் நாம் சொல்வதில்லை.

இனி என் கதையைச் சொல்கிறேன்.

பணி ஓய்வு பெற்ற ஆண்டில் எனக்கு நீரிழிவு கண்டது. நாள்தோறும் நடக்க வேண்டும், இயன்றால் மெதுவோட்டம் ஓட வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். எங்கள் ஊர் தைப்பிங். 1880இல் அமைக்கப்பட்ட ஏரிப் பூங்கா எங்களுக்கு ஒரு கொடை. ஈயம் தோண்டிய பள்ளங்களே அங்கு ஏரிகளாக நிற்கின்றன. கரையில் உள்ள தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி நீரைத் தொடுகின்றன. ஓடுவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஆயினும் தனியே செல்ல எனக்கு நாணம். ஆகவே துணைவியாரையும் அழைத்தேன். "துணை என்றால் கூடவே வர வேண்டும்" என்று இலக்கணமும் சொல்லி வைத்தேன்.

என் துணைவியார் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் திடலில் அவரை முந்திய மாணவியர் இல்லை என்று அவருடைய உறவினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் குறுக்கோட்டப் போட்டியிலும் பரிசு பெற்றவர். பிறகு குடும்பம் வந்தது. விடியற்காலை நான்கரை மணிக்கு அடுப்பு, ஐந்தரைக்குப் பிள்ளைகள், ஆறரைக்கு என் சட்டை என்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அத்தனை ஆண்டுகளில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடக்கூடியவர் என்பதையே மறந்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஓடினோம். பூங்காவில் எங்களைக் காண்போர், "ஐயாவும் அம்மாவும் இணைபிரியாமல் ஓடுகிறார்களே!" என்று பாராட்டுவர். எனக்குப் பெருமை தாங்காது. மாட்டு வண்டி உவமைக்கு நடமாடும் சான்று நான்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை என் காலணிக் கயிறு அறுந்தது. நான் இருக்கையில் அமர்ந்து அதை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நீ ஒரு சுற்றுப் போய் வா" என்றேன். சிறிது நேரம் கழித்து மரங்களுக்கு அடியில், சாலை வளைவில், ஒரு பெண்மணி ஓடி வருவது தெரிந்தது. தலை நிமிர்ந்து, கைகள் தளர்ந்து, காலடி ஓசையே எழாமல் ஓடி வந்தார். யாரோ பயிற்சி பெற்ற வீராங்கனை என்று எண்ணினேன். அருகில் வந்தபோதுதான் அறிந்தேன், அவர் என் மனைவி. என்னைக் கண்டதும் அவர் வேகத்தைக் குறைத்தார். அந்தக் குறைத்தலை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை. இரண்டு ஆண்டுகளாக நான் 'இணைபிரியாமை' என்று பெயரிட்டிருந்தது அதுதான். அவர் என்னோடு ஓடிக்கொண்டிருக்கவில்லை. என்னோடு இருப்பதற்காக ஓடாமல் இருந்தார்.

வாசகரே, இதை ஒரு வீட்டு நிகழ்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். வேகம் வேறான இணையர் மூன்று வகையில் தவறு செய்கின்றனர்.

முதல் வகை, விரைபவர் முன்னே ஓடிப்போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பது. பின்னால் வருபவர் மூச்சு வாங்கி வந்து சேர்ந்ததும், இளைப்பாறிவிட்ட இவர், "சரி, போகலாமா?" என்று மீண்டும் ஓடத் தொடங்குவார். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு; தேவைப்பட்டவருக்கு இல்லை. இரண்டாம் வகை, மெல்ல ஓடுபவரை இழுத்துச் செல்வது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஊக்கமூட்டுவதாக நினைத்து, அவருடைய முழங்காலைக் கெடுப்பது. ஒரு மாதத்தில் அவர் ஓட்டத்தையே வெறுத்துவிடுவார். மூன்றாம் வகை, விரைபவரைக் கட்டிப்போடுவது. நான் செய்தது இது. மூன்றிலும் இதுவே கொடியது என்பேன். முதல் இரண்டையும் பார்ப்பவர்கள் தவறென்று சொல்லிவிடுவார்கள். மூன்றாவதைப் பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். பாராட்டப்படும் தவற்றைத் திருத்துவோர் எவர்?

உடல் ஒவ்வொருவருக்கும் ஒரு நடையை வகுத்திருக்கிறது. இதயத்தின் அளவு, குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் செம்பொருளின் அளவு, காலின் நீளம், வயது, பழைய பயிற்சி ஆகிய இத்தனையும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. மூச்சுத் திணறாமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே நாள்தோறும் ஓடுவதற்கு ஏற்ற வேகம் என்பது பயிற்சியாளர் யாவரும் கூறும் எளிய சோதனை. அவ்வேகத்தை மிகவும் மீறினால் நெஞ்சும் மூட்டும் துன்புறும். அதற்கு மிகவும் கீழே எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் உடல் பெற வேண்டிய பயன் பெறாது. பிறருடைய நடை என் உடலுக்கு மருந்தாகாது. என் கணவனின் மாத்திரையை நான் விழுங்குவேனா என்று ஒரு பெண் கேட்டால் நாம் ஒப்புக்கொள்வோம். அவன் வேகத்தை விழுங்கு என்றுமட்டும் எப்படிச் சொல்கிறோம்?

ஒருவர் நடையை மற்றொருவர் விதிப்பது என்ற வழக்கத்துக்கு உலக வரலாற்றிலேயே சான்று உண்டு. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்கள் என்று கூக்குரல் எழுந்தது. ஆண்கள் களைத்தால் அது வீரம்; பெண்கள் களைத்தால் அது கேடு! 1960இல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் வரையில் அந்த ஓட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் சுவிட்சரின் எண் அட்டையைப் பிடுங்கப் போட்டி அலுவலர் ஒருவரே சாலையில் பாய்ந்தார். ஆண்களுக்கு 1896இல் தொடங்கிய ஒலிம்பிக் மாரத்தான், பெண்களுக்கு 1984இல்தான் வந்தது. இடையில் 88 ஆண்டுகள். அந்த லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டத்தில் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். அதே ஒலிம்பிக்கில் ஆண்களில் வென்ற கார்லோஸ் லோப்பஸ் எடுத்துக்கொண்டது 2 மணி 9 நிமிடம் 21 விநாடி. இருவரையும் ஒரே வேகத்தில் ஓடச் சொல்லியிருந்தால் தங்கப் பதக்கம் பெற்ற இருவரில் ஒருவரைக்கூட உலகம் கண்டிருக்காது.

நம் மண்ணிலேயே சான்று இல்லையா? 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் மலேசியாவின் எம். இராஜாமணி. அதே விளையாட்டில் மருத்துவர் எம். ஜெகதீசன் மூன்று தங்கங்களை வென்றார். 1973இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் பெற்றவர் குளோரி பர்னபாஸ். ஆண் முன்னும் பெண் பின்னும் என்று நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் படத்தை இப்பெண்மணிகள் என்றோ அழித்துவிட்டனர். நாம்தான் மேடைதோறும் அதை மீண்டும் வரைந்துகொண்டிருக்கிறோம்.

இங்கே தமிழாசிரியர் ஒருவர் எழுந்து மறுப்புரைப்பார் என்பதை அறிவேன். "கோவலன் கண்ணகிக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொள்ளவில்லையா? சிலப்பதிகாரம் கற்பித்த நீரா இப்படிப் பேசுவது?" என்பார். நல்ல வினா. புகாரை நீங்கிச் சிறிது தொலைவு கடந்ததுமே மூச்சிரைத்த கண்ணகி, மதுரை எங்கே என்று வினவுகிறாள். கோவலன் ஆறையும் ஐந்தையும் இணைத்து ஒரு தொலைவு கூறிச் சிரிக்கிறான். அதை ஆறோ ஐந்தோ காதம் என்றும் கொள்ளலாம். பெருக்கினால் முப்பது காதம். பின்னர்ப் பாண்டி நாட்டில், வெயிலும் வழியும் அவளுடைய அடிகளை வருத்துவதைக் கண்டு, இரவில் செல்வோம் என்று கவுந்தியடிகளிடம் அவனே கூறுகிறான். இவை யாவும் உண்மை. ஆனால் அது பயணம். மூவரும் மதுரைக்குச் சேர வேண்டும். ஒருவர் பின்தங்கினால் மற்ற இருவரும் சேர்ந்ததாகப் பொருளில்லை. பயணத்தில் மெல்ல நடப்பவரின் நடையே அனைவருக்கும் நடையாதல் அறம். நானும் சந்தைக்குச் செல்கையில் அப்படியே செய்வேன். ஏரியைச் சுற்றும் ஓட்டம் எந்த ஊருக்கும் செல்வதன்று. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வருகிறது. அங்கே ஒவ்வொருவரும் நாடுவது தத்தம் உடல்நலம். பயணத்தின் அறத்தைப் பயிற்சிக்கு ஏற்றுவது உவமைப் பிழை.

அது மட்டுமன்று. அந்தப் பகுதியில் மாணவர்க்கு நாம் காட்ட வேண்டியது வேறொன்று. கண்ணகி, மெல்லச் செல்லுங்கள் என்று கேட்கவில்லை. கோவலனே கண்டான், தானே ஏற்பாடு செய்தான். கண்டான் என்பதே அங்கே சிறப்பு. என் மனைவி இரண்டு ஆண்டுகள் என் பக்கத்திலேயே ஓடினார், நான் காணவில்லை. ஒரே வேகத்தில் செல்வது ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதற்கு உறுதியாகாது என்பதற்கு நானே சான்று.

இரண்டாம் மறுப்பு வலிமையானது. விடியலில் ஒரு பெண் தனியே ஓடுவது பாதுகாப்பா என்பது. அந்த அச்சத்தை நான் எள்ளமாட்டேன். ஆனால் அதற்கு விடை, வெளிச்சமுள்ள நேரத்தில் ஆள் நடமாட்டமுள்ள பாதையில் ஓடுவதும், கைத்தொலைபேசியை உடன் வைத்துக்கொள்வதும், ஒரே பூங்காவுக்குள் இருவரும் இருப்பதுமே ஆகும். காவலுக்காக உடன் இருப்பது வேறு. காவல் என்ற பெயரில் காலைக் கட்டுவது வேறு.

மூன்றாம் மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். மனைவி முன்னே ஓட, கணவன் பின்னே வருவது மானக்கேடு என்பது. என் நெஞ்சிலும் அது இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். தனித்தனியே ஓடத் தொடங்கிய முதல் வாரம், பழைய மாணவன் ஒருவன் எதிரே வந்து, "அம்மா அப்போதே போய்விட்டார்களே ஐயா" என்றான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிறகு யோசித்தேன். அவர் முந்துவதால் என் நீரிழிவு கூடிவிட்டதா? என் கால் தேய்ந்துவிட்டதா? தேய்ந்தது ஒன்றே ஒன்று; அதை இழந்ததற்கு நான் வருந்தவில்லை.

"அப்படியானால் இருவரும் தனித்தனியே ஓடி, தனித்தனியே வீடு திரும்புவதா? பிறகு துணை எதற்கு?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு வழி இருக்கிறது. கணக்கு ஆசிரியர் எவரும் சரிபார்க்கலாம். தொலைவை அளவாகக் கொள்ளாமல் நேரத்தை அளவாகக் கொள்ளுங்கள். நாங்கள் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் புறப்படுகிறோம். 24 நிமிடம் ஆனதும், எங்கே இருந்தாலும், இருவரும் திரும்பிவிட வேண்டும். அதற்குள் அவர் 3 கிலோமீட்டர் போயிருப்பார், நான் 2.4 கிலோமீட்டர். திரும்பும்போது நான் அவருக்கு 600 மீட்டர் முன்னால் இருக்கிறேன்! போகும்போது அவர் முன்னே, நான் பின்னே. வரும்போது நான் முன்னே, அவர் பின்னே. ஒவ்வொருவரும் தத்தம் நடையை மாற்றாமல் ஓடினால், 48ஆம் நிமிடத்தில் இருவரும் புறப்பட்ட இடத்தில் சேர்ந்து நிற்போம். எவரும் எவருக்கும் காத்திருப்பதில்லை; எவரும் எவரையும் இழுப்பதில்லை. கடைசி நூறு அடியில் என் முதுகுக்குப் பின்னால் அவருடைய காலடி கேட்கும். அதன் பிறகு பசியாறக் கடைக்கு நடந்து செல்வோம். அந்த நடையில் பேச வேண்டியவற்றை எல்லாம் பேசுவோம். தோளோடு தோள் ஓடிய இரண்டு ஆண்டுகளில் இவ்வளவு நாங்கள் பேசியதில்லை. அந்நாளில் எனக்குப் பேச மூச்சில்லை. அவருக்குப் பேச மனமில்லை.

வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு 'வாழ்க்கைத் துணைநலம்' என்று பெயரிட்டார். துணை என்றார், நிழல் என்று சொல்லவில்லை. செக் நாட்டு எமில் சாட்டோபெக்கும் அவர் மனைவி டானாவும் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றனர். கணவர் வென்றது 5000 மீட்டர் ஓட்டத்தில். மனைவி வென்றது ஈட்டி எறிதலில். ஒருவர் ஓடுகிறார், மற்றவர் எறிகிறார். அவர்கள் துணைவர் அல்லர் என்று எவர் சொல்வார்?

உவமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. உவமை இல்லாமல் தமிழாசிரியன் மேடையில் என்ன செய்வான்? ஆனால் நாம் காணாத வண்டியையும் நாம் ஓட்டாத காளைகளையும் ஏன் கட்டி அழ வேண்டும்? இன்று மணமேடையில் அமரும் பிள்ளைகளில் எத்தனை பேர் நுகத்தடியைத் தொட்டிருப்பர்? நம் பெற்றோர் வாழ்ந்து காட்டிய ஓர் உவமை இந்த மண்ணிலேயே இருக்கிறது.

என் தாயும் தந்தையும் பால்மரம் வெட்டினர். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு இருவரும் சேர்ந்தே காட்டுக்குள் செல்வர். அங்கே அவருக்கு ஒரு நிரை. இவருக்கு ஒரு நிரை. என் தாயின் கத்தி விரைவானது. தந்தையார் நிதானமாக, மரத்தில் காயம் படாமல் சீவுவார். அம்மா தம் நிரையைத் தம் போக்கில் முடிப்பார், அப்பாவின் நிரையில் வந்து நின்று, "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டதில்லை. பால் எடுக்கும் நேரம் வந்ததும், முடித்தவர் முடிக்காதவருடைய மங்குகளில் இருந்த பாலையும் வாளியில் ஊற்றிக்கொள்வார். காண்டாவாளியைத் தோளில் சுமந்து பால் நிறுக்கும் இடத்துக்கு இருவரும் ஒன்றாகவே வருவர். புறப்பாடு ஒன்று, சேர்விடம் ஒன்று, இடையில் அவரவர் நிரை, அவரவர் கை, அவரவர் வேகம். படிப்பறியாத அவ்விருவருக்கும் தெரிந்திருந்தது பட்டம் பெற்ற எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆசிரிய நண்பர்களே, இது இல்லறத்தோடு முடியும் செய்தியன்று. பள்ளிக் குறுக்கோட்டத்தில் கடைசியாக வரும் மாணவியைப் பார்த்துச் சிரிக்கும் திடலை நாம்தான் உருவாக்குகிறோம். வகுப்பில் விரைந்து எழுதி முடித்தவனைக் கைகட்டி உட்கார வைப்பதும் நாம்தான். ஒரே வேகம் என்பதை ஒழுக்கம் என்று கருதும் நோய் நமக்கு நெடுநாளாக இருக்கிறது. மாணவர்களே, 'இல்லறம்' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நீங்களும் அந்த மாட்டு வண்டியையே ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள். அது உங்கள் குற்றமன்று, நாங்கள் கற்றுக்கொடுத்தது. இனி அதை அவிழ்த்து விடுங்கள். உங்கள் பாட்டியிடம் போய், நிரை என்றால் என்ன என்று கேட்டு எழுதுங்கள்.

அடுத்த மாதம் என் பழைய மாணவன் ஒருவனுக்குத் திருமணம். வாழ்த்துரைக்கு என் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். மாட்டு வண்டியை எதிர்பார்த்து முன்வரிசைப் பெரியவர்கள் அமர்ந்திருப்பர். நான் நிரையைப் பற்றிப் பேசுவேன். கைத்தட்டல் குறையலாம். குறைந்தால் குறையட்டும். அதே வரிசையில் என் துணைவியார் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசி முடிப்பேன்.